ஊர் நூலகமும் இலக்கிய வட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

நூலகம் என்றவுடன் நூல்களின் எண்ணிக்கையைக் கேட்பது உலக வழக்கம். எத்தனை ஆயிரம் நூல்கள், எத்தனை உறுப்பினர், எத்தனை அலமாரிகள் என்று கணக்கிட்டு அதன் பெருமையை அளப்பர். ஆனால் தமிழகத்தில் நூலகங்கள் வளர்ந்த வரலாற்றை ஊன்றி நோக்கினால், அவை மூன்று தொழில்களைப் புரிந்து வந்திருப்பது புலனாகும். அவை காத்தல், வழங்கல், அறிவித்தல் என்பன. நூலைக் காத்தவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. நூலை வழங்கியவர்களைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. இன்ன நூல் வந்திருக்கிறது, இன்ன நாளில் கூட்டம் நடக்கிறது, இதைப் படித்தவர் இனி அதைப் படிக்கலாம் என்று ஊருக்கு அறிவித்தவர்களைப் பற்றியோ மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. இலக்கிய வட்டங்கள் பல முளைத்தது அந்த மூன்றாம் தொழில் நிகழ்ந்த இடத்திலேதான். ஆதலின், ஓர் இலக்கிய வட்டம் தன் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் வேளையில் ஊர் நூலகத்தின் கதையை நினைவுகூர்வது பொருத்தமுடையதாகும்.

காத்த காலம்

பழந்தமிழகத்தில் சுவடிகளைத் தொகுத்து வைத்த இடங்கள் இருந்தன என்பதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு. கோயில்களை ஒட்டி இயங்கிய இவ்விடங்கள் ‘சரசுவதி பண்டாரம்’ எனப் பெயர் பெற்றன. பின்னாளில் சைவ மடங்களும் புலவர் குடும்பங்களும் இப்பணியைத் தொடர்ந்தன. தஞ்சையில் நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் பெருவளர்ச்சி கண்ட சரசுவதி மகால் இவ்வகையில் தலைசிறந்தது. ஆயினும் அது நெடுங்காலம் அரண்மனையின் உடைமையாகவே இருந்தது. 1918ஆம் ஆண்டில்தான் பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

காத்தல் மட்டுமே ஒரு நூலைக் காப்பாற்றிவிடுவதில்லை என்பதை உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை வரலாறு உணர்த்துகிறது. கரிவலம்வந்தநல்லூரில், கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு அவர் மனம் நொந்ததைத் தமிழ் கற்றோர் அறிவர். அச்சுவடிகள் பகைவரால் அழிக்கப்பட்டவை அல்ல. அவற்றைப் போற்றியவர்களே போற்றுதலின் பெயரால் அழித்தனர். படிப்பாரும் படியெடுப்பாரும் இல்லாத நூல், பூட்டிய பேழைக்குள் இருந்தாலும் அழிவை நோக்கியே செல்கிறது. ஓலையைச் செல்லரிக்காமல் காத்தது மஞ்சளும் வேம்பும் மட்டுமல்ல. அதை அடிக்கடி எடுத்துப் பிரித்த கையுந்தான்.

1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அதன் உறுப்புகளுள் ஒன்றாகப் பாண்டியன் புத்தகசாலையையும் அமைத்தார். இது கருதத்தக்க செய்தியாகும். புலவர் கூடும் அவையும் நூல்கள் இருக்கும் சாலையும் ஒன்றை விட்டு ஒன்று வாழ இயலாதவை என்ற தெளிவு இதில் வெளிப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்து ஊர்களில் தோன்றிய இலக்கிய அமைப்புகள் பலவும், அறிந்தோ அறியாமலோ, இந்த இணைப்பையே தம் அளவில் மீண்டும் செய்து பார்த்தன எனலாம்.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1896ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள், சென்னை எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பட்டது. முன்னாள் ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயரை அது தாங்கியது. ‘பொது’ என்ற சொல் ஒரு நூலகத்தின் பெயரோடு சேர்ந்து தமிழர் காதில் விழத் தொடங்கிய காலம் அது. ஆனால் சென்னையில் ஒரு பொது நூலகம் இருப்பதால் மன்னார்குடியை அடுத்த சிற்றூரில் இருந்தவனுக்கு என்ன பயன்? இந்த வினாவுக்கு விடை கூற ஒருவர் தோன்றினார்.

வழங்கிய காலம்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ.இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குச் சலிப்பைத் தந்தது. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று அங்குள்ள பொது நூலகங்கள் பலவற்றைப் பார்வையிட்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. தொழிலாளியும் குழந்தையும் இல்லத்தரசியும் தத்தமக்கு வேண்டிய நூலைக் கேட்டுப் பெறும் காட்சி அவரை ஆட்கொண்டது. நாடு திரும்பியதும் பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டு, படிப்போர் தாமே நூல்களைத் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டு வந்தார். 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931ஆம் ஆண்டில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைக் கூறும் அவருடைய நூல் வெளிவந்தது. அவ்விதிகளின் சாரம், நூலும் படிப்பவனும் ஒருவரையொருவர் தேடுகின்றனர் என்பதும், இருவரையும் காலந்தாழ்த்தாது சேர்த்துவைப்பதே நூலகரின் கடன் என்பதுமாகும்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நடந்த நிகழ்ச்சி, தமிழக நூலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. அரங்கநாதனின் எண்ணத்திற்கு உருவம் கொடுத்துக் கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகம் அன்றுதான் புறப்பட்டது. இரண்டு மாடுகள் இழுத்த அவ்வண்டியில் நெல் மூட்டைகள் இல்லை, நூல்கள் இருந்தன. ஊரார் நூலகத்தைத் தேடிச் செல்லவேண்டும் என்ற விதியை மாற்றி, நூலகம் ஊராரைத் தேடிச் செல்லலாம் என்று அந்த வண்டி காட்டிற்று. காவிரிப் படுகையின் வண்டிப் பாதைகளில் அது சென்றபோது, நூல் வழங்கும் வேலையை மட்டும் அது செய்திருக்க இயலாது. வண்டி வருவதை ஊரார் அறிய வேண்டும். இன்ன நூல் இருக்கிறது என்று வண்டியோடு வந்தவர் சொல்ல வேண்டும். எழுத்தறியாதவருக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். வழங்கலும் அறிவித்தலும் இவ்வாறு ஒரே வண்டியில் ஏறிப் பயணம் செய்தன.

தனியொருவர் கொடையால் ஓடும் வண்டி அவர் காலத்தோடு நின்றுவிடக்கூடும் என்பதை அரங்கநாதன் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலால் நூலகங்களுக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று இடையறாது வாதாடினார். 1930ஆம் ஆண்டிலேயே காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை அவர் முன்வைத்திருந்தார். அந்த உழைப்பு, நாடு விடுதலை பெற்ற பின் பயன் தந்தது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இது நடைமுறைக்கு வந்தது. கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. மாவட்டந்தோறும் ‘தல நூலக ஆணைக்குழு’க்கள் அமைந்தன. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்பட்டது. பின்னர் 1972ஆம் ஆண்டில் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் ஏற்பட்டது.

இச்சட்டத்தின் உயிர்நிலை அந்த நூலக வரியே. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்திற்கென ஒதுங்குகிறது. ஓட்டு வீட்டுக்காரனும் மாடி வீட்டுக்காரனும், நூல் படிப்பவனும் படிக்காதவனும், தத்தம் வீட்டின் அளவுக்கு ஏற்ப ஊர் நூலகத்திற்குப் பங்கு செலுத்துகின்றனர். ஆகவே கிளை நூலகம் அரசின் கொடையும் அன்று, செல்வரின் ஈகையும் அன்று. ஊரார் தம் பொருளால் தாமே வைத்துக்கொண்ட உடைமை. வசூலித்த வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய காலத்தில் ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் நிலுவை வைப்பது நெடுநாளைய முறையீடாக இருந்து வருகிறது. உடைமை தமக்குரியது என்ற உணர்வு ஊராரிடம் குன்றியதே அந்நிலுவை நீள்வதற்குக் காரணம் என்பதையும் மறுக்க இயலாது.

அலமாரியில் கவிஞர் வரிசை

கவிஞர் பெருமக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையில் உண்டு. 1933ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முறை தமிழகப் பொது நூலகங்கள் பலவற்றில் பின்பற்றப்பட்டது. இதன்படி இலக்கிய நூல்கள் முதலில் மொழியாலும், பின்னர் கவிதை, நாடகம், புனைகதை என்ற வடிவத்தாலும், அதன் பின்னர் ஆசிரியராலும் பிரிக்கப்படுகின்றன. தமிழுக்கு 31 என்பதும் கவிதைக்கு 1 என்பதும் குறியெண்கள். ஆசிரியரைக் குறிக்க, அவர் பெயரின் முதலெழுத்தை அரங்கநாதன் கொள்ளவில்லை. பிறந்த ஆண்டைக் கொண்டார்.

இதன் விளைவு அழகானது. அகரவரிசையில் அடுக்கினால் பெயரின் தற்செயலால் யாரோ யார் அருகிலோ நிற்க நேரும். பிறந்த ஆண்டால் அடுக்கும்போது 1876இல் பிறந்த கவிமணியை அடுத்து 1882இல் பிறந்த பாரதியும், 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞரும், 1891இல் பிறந்த பாரதிதாசனும் வரிசையாக நிற்கின்றனர். இடமிருந்து வலமாக அலமாரியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தமிழ்க் கவிதையின் வரலாற்றினூடே நடப்பதாகும். எந்த இலக்கிய வரலாற்று நூலையும் படிக்காத இளைஞன்கூட, பாரதியின் நூலைத் தேடி வந்து அருகில் நிற்கும் கவிமணியின் ‘ஆசிய ஜோதி’யையும் எடுத்துச் செல்ல இம்முறை வழிசெய்தது. வாய் திறவாமலே செய்யப்பட்ட நூற்பரிந்துரை இது.

இவ்வரிசையில் தமக்கும் ஓரிடம் வேண்டும் கவிஞர்கள், தம் நூலின் முகப்புப் பக்கங்களில் பிறந்த ஆண்டைக் குறிக்கத் தவறலாகாது. ஆண்டு அறியப்படாத கவிஞரை எங்கே நிறுத்துவது என்று நூலகர் இடர்ப்படுவார். இடந்தெரியாத நூல் எளிதில் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

அறிவித்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்துத் தெருக்களில் படிப்பகங்கள் பெருகின. திராவிட இயக்கத்தாரும் தேசிய, பொதுவுடைமை இயக்கத்தாரும் கீற்றுக் கொட்டகைகளில் செய்தித்தாள்களையும் சிறு வெளியீடுகளையும் பரப்பி வைத்தனர். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். கன்னிமாரா நூலகத்தில் நாள்தோறும் தங்கிப் படித்தவராக அறியப்படும் அறிஞர் அண்ணா, வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டும் என்று வானொலியில் உரையாற்றியதும் இம்மரபின் வழிப்பட்டதே. கிளை நூலகம் ஊருக்குள் வந்தபோது, படிப்பகத்தில் பழகிய அந்தப் பேச்சும் விவாதமும் அதன் திண்ணைக்கு வந்து சேர்ந்தன.

கிளை நூலகத்தின் அன்றாட வாழ்வைப் பெரிய வரலாற்று நூல்கள் பதிவு செய்வதில்லை. காலையில் கதவு திறக்குமுன் செய்தித்தாளுக்காகக் காத்திருக்கும் முதியவர்கள், வேலைவாய்ப்புச் செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் இளைஞர்கள், பள்ளி விட்டதும் படக்கதைகளுக்காக ஓடிவரும் சிறுவர்கள் ஆகியோரே அதன் குடிமக்கள். அவர்களுக்காக ஒரு கரும்பலகை இருந்தது. புதுவரவு நூல்களின் பெயர்களும், நூலக வாரவிழாவின் போட்டிகளும், வாசகர் வட்டக் கூட்டத்தின் நாளும் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டன. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் நூலக வாரவிழாவில் பேச்சுப் போட்டியும் கவியரங்கமும் இடம்பெறும். மேடையேறி முதன்முதலாகத் தம் கவிதையைப் படித்த இடம் எது என்று கேட்டால், கிளை நூலகத்தைக் கூறும் கவிஞர் பலர் உண்டு. கைதட்டியோர் இருபது பேராயினும் அந்த இருபதின்மரும் படிப்பவர்கள்.

நூற்பரிந்துரை என்பது நூலகரின் தொழில்களுள் மிக நுட்பமானது. படிப்பவனுக்கும் நூலுக்கும் இடையே தனித்தனியாகத் தொடர்பு ஏற்படுத்தும் இப்பணியை நூலகத்தின் உச்சப் பணியாக அரங்கநாதன் கருதினார். பட்டியல் தருவதன்று பரிந்துரை; வந்தவனின் கையில் இருக்கும் நூலைப் பார்த்து, அவன் அடுத்த அடி எடுத்துவைக்கக்கூடிய நூலைச் சுட்டுவதே பரிந்துரை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் திருப்பித் தருபவரிடம் மற்றொரு சரித்திரப் புதினத்தைத் தருவது எளிது. சதாசிவப் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தைக் காட்டி, கதையில் வந்த மனிதர்கள் கல்வெட்டிலும் இருக்கிறார்கள் என்று ஒரு சொல் கூறுபவரே நல்ல நூலகர். மரபுக் கவிதையில் தோய்ந்த இளைஞனிடம், 1959ஆம் ஆண்டில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழின் கவிதைகளிலிருந்து தொகுக்கப்பட்ட ‘புதுக்குரல்கள்’ நூலை நீட்டும் நூலகர், அவனை ஒரு நூற்றாண்டிலிருந்து மற்றொரு நூற்றாண்டிற்கு அழைத்துச் செல்கிறார். அச்செல்லப்பா தாம் வெளியிட்ட நூல்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. மன்னார்குடி வண்டி செய்த பணியை ஒரு தனிமனிதர் தம் தோளால் செய்தார்.

கவிதை நூலும் நூலக ஆணையும்

நூலகத்திற்கும் கவிஞருக்கும் உள்ள உறவில் பொருளியல் பக்கமும் உண்டு. ஒரு கவிதைத் தொகுதி ஆயிரம் படிகள் அளவில் அச்சிடப்பட்ட காலத்தில், அவற்றுள் பெரும்பகுதியை வாங்கும் ஒரே வாடிக்கையாளராக நூலகத் துறையே இருந்தது. நூலக ஆணை கிடைத்தால் அச்சகக் கடன் தீரும். கிடைக்காவிடில் கட்டுகள் வீட்டுப் பரணுக்கு ஏறும். ஆணை தாமதமான ஆண்டுகளில் மனைவியின் நகையை அடகு வைத்து நூல் வெளியிட்ட கவிஞர்கள் பட்ட பாட்டை இலக்கிய உலகம் அறியும்.

இதனால் விளைந்த நன்மையும் தீமையும் சீர்தூக்கத்தக்கவை. கடைகளில் விலைபோகாத கவிதை நூல், ஆணையின் வழியே கடைக்கோடி ஊரின் அலமாரியையும் அடைந்தது நன்மை. படிப்பவரை மறந்து ஆணையை மட்டுமே எண்ணி நூல்கள் ஆக்கப்பட்டதும், பக்கக் கணக்கில் விலை அமைந்தமையால் பக்கங்கள் வீங்கியதும் தீமை. ஒரு நூல் நூலகத்தை அடைவதோடு அதன் பயணம் முடிந்துவிட்டதாகக் கருதுவது பிழை. இரவல் முத்திரை ஒன்றுகூட விழாத தாளுடன் அலமாரியில் நிற்கும் கவிதை நூல், கரிவலம்வந்தநல்லூர்ச் சுவடிக்கு உறவானது. அதை அங்கிருந்து எடுத்து ஒரு வாசகனின் கையில் தர, அறிவிப்பவர் ஒருவர் வேண்டும்.

எரிந்ததும் எஞ்சியதும்

ஊர் நூலகம் ஒன்று ஒரு மக்கள் கூட்டத்தின் உயிராக எவ்வாறு ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே தலையாய சான்று. 1933ஆம் ஆண்டில் க.மு. செல்லப்பா என்ற ஆர்வலர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சி, மறு ஆண்டில் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களோடும் சில பருவ இதழ்களோடும் பொது நூலகமாக மலர்ந்தது. பின்னர் எழிலார்ந்த புதுக் கட்டடம் எழுப்ப ஊரார் பொருள் திரட்டினர். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959ஆம் ஆண்டில் அக்கட்டடம் திறக்கப்பட்டது. மேலவாசல் வண்டிக்கு எண்ணம் தந்தவரே யாழ்ப்பாண மாளிகைக்கும் வழிகாட்டினார் என்பது தமிழர் எண்ணிப் பெருமைப்படத்தக்கது.

1981ஆம் ஆண்டு மே இறுதியில், சூன் பிறக்கும் இரவில், அந்நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. அத்துயரத்தை எம்.ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையில் நிலைபெறச் செய்தார். இருபதாண்டுகளுக்குப் பின்னர் அக்கட்டடம் மீண்டும் எழுந்தது. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் திட்டம், ஈழத்து நூல்களோடு இதழ்களையும் மலர்களையும் துண்டு வெளியீடுகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எரியக்கூடியது என்ற பாடத்தை ஒரு சமூகம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

அழைப்பிதழும் வரலாறே

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களைத் திரட்டினார். அவர் மறைந்த பின், அத்தொகுப்பைக் கொண்டு 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அத்தொகுப்பின் தனிச்சிறப்பு யாதெனில், மற்றவர் குப்பையெனக் கழித்த நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் அவர் போற்றி வைத்ததே. இன்று பழந்தமிழ் நாடகத்தையும் இசையையும் பதிப்பு வரலாற்றையும் ஆராய்வோர், அத்துண்டுத் தாள்களில்தான் நாளும் இடமும் பெயரும் காண்கின்றனர்.

இலக்கிய வட்டங்கள் உளங்கொள்ள வேண்டிய செய்தி இதுவே. ஒரு வட்டத்தின் நூல்கள் எப்படியோ எஞ்சிவிடும். அதன் நிகழ்வுகள் எஞ்சா. யார் எந்நாளில் எந்நூலைப் பற்றிப் பேசினார், எந்தக் கவிஞர் எங்கே முதன்முதலாக அரங்கேறினார், எந்த விவாதம் எந்தக் கவிதைக்கு வித்தாயிற்று என்பனவெல்லாம் அழைப்பிதழிலும் கூட்டக் குறிப்பேட்டிலும் மட்டுமே இருக்கின்றன. செயலாளர் வீடு மாறும்போது அவை பழைய தாள்களோடு எடைக்குப் போகின்றன. பத்தாண்டு வரலாறு ஒரு கிலோ தாளாகிவிடுகிறது. நூலகத்தின் கரும்பலகையில் எழுதப்பட்ட அறிவிப்போ மறுநாளே துடைக்கப்படுகிறது.

ஊர் நூலகத்திடமிருந்து வட்டங்கள் பெற்றது மிகுதி. கூடுவதற்கு இடமும், படிப்பதற்கு நூலும், கேட்பதற்குச் செவியும் பெற்றன. திருப்பித் தரவேண்டியது சிறிதே. உறுப்பினரின் நூல்களோடு வட்டத்தின் அழைப்பிதழ்களையும் கூட்டக் குறிப்புகளையும் ஆண்டுவாரியாகக் கட்டிக் கிளை நூலகத்திலும் மாவட்ட மைய நூலகத்திலும் ஒவ்வொரு படி வைத்தல் காத்தலாகும். மாதந்தோறும் நூலகத்தின் புதுவரவிலிருந்து ஒரு நூலைத் தேர்ந்து கூட்டத்தில் பேசுதல் அறிவித்தலாகும். அவ்வாறு பேசப்பட்ட நூலை மறுநாள் யாரேனும் ஒருவர் வந்து கேட்பாராயின், அதுவே வழங்கலாகும். மேலவாசலில் புறப்பட்ட வண்டியின் மாடுகள் என்றோ அவிழ்த்து விடப்பட்டன. வண்டி இழுபட வேண்டிய பாதை இன்னும் நீண்டு கிடக்கிறது. 2010ஆம் ஆண்டில் சென்னையிலும் 2023ஆம் ஆண்டில் மதுரையிலும் நூற்றாண்டு நூலகங்கள் மாளிகைகளாக எழுந்துள்ளன. அவற்றின் பெருமை ஓங்குக. ஆயினும் சிற்றூர்க் கிளை நூலகத்தின் மரப்பலகையில் அமர்ந்து கவிதை கேட்கும் அந்த இருபதின்மர் உள்ளவரைதான் அம்மாளிகைகளுக்கும் வாசகர் கிடைப்பர். அவர்களைக் கூட்டி வைப்பது இலக்கிய வட்டங்களின் கடன்.